பள்ளி விட்ட பின்

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நம் ஊர்களில் நடந்துவந்த காலத்தில், பொழுது சாய்ந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் தறுவாயில், உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளையையும் அருகே அழைத்து, ஒருவனுக்கு ஒரு பூவின் பெயரையும், மற்றொருவனுக்கு ஒரு பட்சியின் பெயரையும், வேறொருவனுக்கு ஓர் ஊரின் பெயரையும் சொல்லி அனுப்பும் வழக்கம் ஒன்று இருந்தது. மறுநாள் விடியலில் வந்தவுடன் அந்தப் பெயரை மறவாமல் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். இரவு முழுவதும் அவன் சுமக்கவேண்டிய பாரம் அவ்வளவே. ஞாபகசக்தியை விருத்தி செய்வதற்காக ஏற்பட்ட பழக்கம் என்று பெரியவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். கோதண்டத்தில் தொங்கவிடுவதும் பிரம்பால் விளாசுவதும் அதே திண்ணையில்தான் நடந்தன ஆகையால், அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் இல்லை. ஆனாலும் அந்தப் பூவின் பெயரை நினைக்கும்போதெல்லாம், பள்ளியின் வாசற்படியைத் தாண்டிய பிறகும் பிள்ளையின் கையில் ஏதேனும் ஒன்று இருக்கவேண்டும் என்றும், அது அவனுக்கென்றே பொறுக்கிக் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்றும், அதே சமயம் தூக்கமாட்டாத சுமையாகிவிடக் கூடாது என்றும் அந்த உபாத்தியாயர் அறிந்துவைத்திருந்தார் போலும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்று ஆரம்பப் பள்ளியின் கடைசி மணி பிற்பகல் நாலு மணியை ஒட்டி அடிக்கிறது. குழந்தை உறங்கப் போவது ஒன்பது மணிக்கு என்று வைத்துக்கொண்டால், நடுவே ஐந்து மணி நேரம் கிடக்கிறது. வகுப்பறையில் உண்மையாகப் பாடம் நடக்கும் நேரத்துக்கு அது ஏறக்குறைய சமானம். இந்த ஐந்து மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ள தாரதம்மியம் முழுவதும் வெளிப்படுகிறது. பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு, பஞ்சாங்கத்தில் ராகு காலம் குறித்திருப்பதைப் போல, திங்கட்கிழமை அபாகஸ், செவ்வாய்க்கிழமை ஹிந்தி, புதன்கிழமை கீபோர்டு, வியாழக்கிழமை கராத்தே என்று கிழமைக்கு ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது; பள்ளி வேனிலிருந்து இறங்கி அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறும் இடைவெளியில் அது ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொள்கிறது. நடுத்தரக் குடும்பத்துக் குழந்தை பையைக்கூட மாற்றாமல் டியூஷனுக்குப் போய், பகலில் எழுதிய கேள்வி பதிலையே மறுபடியும் எழுதுகிறது. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீட்டுக் குழந்தையோ, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி வாசலில் நிற்கிறது. பகலில் மூவருக்கும் பள்ளிக்கூடம் என்ற ஒன்று பொதுவாக இருக்கிறது; மணி அடித்தவுடன் ஒவ்வொருவரும் அவரவர் குடும்பத்தின் சக்திக்கே விடப்பட்டுவிடுகிறார்கள்.

பள்ளி நேரத்துக்குப் பிறகு குழந்தைகளுக்காக மையங்கள் நடத்தவேண்டும் என்ற எண்ணமே இந்த மூன்றாவது குழந்தையைக் கண்டு பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் மாநகரில், ஹம்ப்ரி வார்டு அம்மையார் என்ற பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றிருந்த மேரி வார்டு, தொழிலாளர் குடியிருப்புகளின் அருகே தாம் நிறுவிய ஸ்தாபனத்தின் கதவுகளை மாலை வேளைகளில் சிறுவர் சிறுமியருக்குத் திறந்துவிட்டார். தாய்மார் வேலையிலிருந்து திரும்பும்வரை குளிரிலும் சேற்றிலும் அலைந்த பிள்ளைகள் அங்கே வந்து விளையாடினார்கள், கைவேலை கற்றார்கள், பாடினார்கள். அந்த முயற்சி நாளடைவில் பல இடங்களுக்குப் பரவி, 1907ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில் இத்தகைய விளையாட்டு மையங்களை நடத்த உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் அளிக்கும் ஷரத்து ஒன்று சேர்க்கப்படும் அளவுக்கு ஆயிற்று. அந்த ஷரத்தை அந்நாட்டினர் அவர் பெயராலேயே குறிப்பிட்டார்கள். ஒரு நாவலாசிரியையின் இரக்கம் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாயிற்று என்பது அற்ப சங்கதி அன்று.

நம் தேசத்தில் இவ்வெண்ணம் வேறு ஒரு வாயிலாக நுழைந்தது. 1956ஆம் வருஷம் ஜவஹர்லால் நேருவின் முயற்சியால் டில்லியில் பால பவனம் தோன்றியது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலான குழந்தைகள், பரீட்சையும் மதிப்பெண்ணும் இல்லாமல், தமக்கு இஷ்டமான கலையையோ கைத்தொழிலையோ விஞ்ஞானத்தையோ பயிலும் இடமாக அது அமைந்தது. தமிழ்நாட்டில் அதே வழியில், கலை பண்பாட்டுத் துறையின் ஆதரவில், ஜவகர் சிறுவர் மன்றங்கள் நடந்துவருகின்றன. சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள இம்மன்றங்களில் வாய்ப்பாட்டு, பரதநாட்டியம், ஓவியம் முதலியவற்றைச் சொற்பக் கட்டணத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதைப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள்கூட அறியாமல், அதே பரதநாட்டியத்துக்கு ஆயிரக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரப் பலகை பெரிதாக இல்லாததுதான் அம்மன்றங்கள் செய்த பிழை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது விஞ்ஞானத்தின் வழி. 1987ஆம் வருஷம் தொடங்கிய ‘துளிர்’ என்னும் சிறுவர் விஞ்ஞான மாதப் பத்திரிகையைப் பற்றிக்கொண்டு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல ஊர்களில் ‘துளிர் இல்லம்’ என்ற பெயரில் சிறுவர் குழுக்களை அமைத்தார்கள். அத்தகைய ஒரு குழுவின் மாலைக் கூட்டத்தில் நான் கண்ட காட்சி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அவற்றில் செருகி உருவங்கள் அமைக்கும் விளையாட்டு அன்று நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா, 1970களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞான போதனையில் ஈடுபட்ட காலத்தில் உருவாக்கி, பின்பு தேசமெங்கும் பரப்பிய விளையாட்டு அது. மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை எந்தப் பக்கம் அழுத்தினாலும் அது அசைவதில்லை. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ விரல் பட்டவுடன் ஒருபுறமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது.

எட்டு வயதுப் பையன் ஒருவன், தன் சதுரம் சாய்ந்துபோவதைப் பொறுக்காமல், குறுக்கே இன்னொரு குச்சியை முட்டுக்கொடுக்க முயன்றான். குச்சி எட்டவில்லை. எல்லாக் குச்சியும் ஒரே நீளம், மூலைக்கு மூலை உள்ள தூரமோ அதைவிட அதிகம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, குச்சியே சொல்லிற்று. சற்று நேரம் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு சதுரத்தைத் தானாகவே மெல்லச் சாய்த்து, எதிர்மூலைகள் இரண்டும் நெருங்கிவந்த இடத்தில் அந்தக் குச்சியைச் செருகினான். சதுரம் போயிற்று, இரண்டு முக்கோணங்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றன, அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. ஊருக்கு வெளியே வயலில் நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரத்தின் உடம்பெல்லாம் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்பதை மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அவன் தன் நண்பனுக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போனதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். வகுப்பறையில் நாற்பது நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டிய பாடமாக இது வந்திருந்தால், அந்தக் குச்சி எட்டாமல் போன கணத்திலேயே யாரேனும் ஒருவர் விடையைச் சொல்லிவிட்டிருப்பார்.

காவல், கலை, விஞ்ஞானம் என்ற இந்த மூன்று வழிகளோடு, நான்காவது ஒன்றுக்கு அவசியம் நேர்ந்தது நம் கண்ணெதிரேயே நடந்த விஷயம். 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்கு அஞ்சி மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம் என்பது பெரியவர்களுக்கு ஒரு நீண்ட சங்கடம். ஆறு வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த குழந்தை, மூன்றாம் வகுப்பு மாணவனாகத் திரும்பி வந்து, கையில் கொடுத்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளாமல் இருந்தாலே ஆசிரியர்கள் ஆறுதல் அடைந்த காலம் அது. அந்த இழப்பை ஈடுசெய்வதற்காக, பள்ளி திறப்பதற்குச் சில தினங்கள் முன்பு, அக்டோபர் 27ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’.

தொடங்கியபோது திட்டத்தின் அமைப்பு எளிமையாக இருந்தது. அந்தந்தக் குடியிருப்பிலேயே வசிக்கும் ஒருவர், மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது குழந்தைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பினருக்குச் சொல்லிக்கொடுப்பவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அதாவது குழந்தை ஒன்றுக்கு மாதம் 50 ரூபாய். வாத்தியமும் கூத்தும் பாட்டுமாகக் கலைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று செய்தியைப் பரப்பின. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ 34 லட்சம் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த இளைஞர்களையும், புதுக்கோட்டையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கான பெண்களையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இக்காட்சி புதிதாக இருந்திருக்காது. அன்று படித்த தாயின் பேத்தி இன்று பாய் விரித்து உட்கார்ந்தாள் என்பதுதான் வித்தியாசம்.

2022ஆம் வருஷம் மாசி மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அப்படிப்பட்ட மையம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மாரியம்மன் கோயிலை ஒட்டிய ஓட்டு வீட்டின் திண்ணையும் அதன் கீழே சாணம் தெளித்த வாசலுமே வித்தியாசாலை. அக்கா என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி சிலேட்டில் நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிட்டாள். பிறகு நாலில் ஒன்று போக மூன்று. தப்பு என்று சொல்லி அடித்துத் திருத்துவதற்கு ஒரு விநாடி போதும். அக்கா அதைச் செய்யவில்லை. தென்னை விளக்குமாற்றிலிருந்து ஒடித்த ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருந்த டப்பாவை எடுத்து, நாலு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவள் முன்னால் வைத்தாள்.

“இதுல எத்தனை இருக்கு?”

“நாப்பத்திரண்டு.”

“எனக்குப் பதினேழு குடு பார்ப்போம்.”

சிறுமி ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். பிறகு உதிரிக் குச்சி இரண்டையும் கொடுத்தாள். கை நின்றுவிட்டது.

“அக்கா, பத்தலையே.”

“பத்தலைன்னா என்ன செய்யறது? பக்கத்து வீட்ல கேளு.”

சிறுமி மீதி மூன்று கட்டுகளையும் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அனுமதி இல்லாத காரியத்தைச் செய்பவள் போல, ஒரு கட்டின் ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றினாள். பத்துக் குச்சிகளும் சரசரவென்று சாணத் தரையில் உதிர்ந்தன. அவற்றிலிருந்து ஐந்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீந்த இரண்டு கட்டையும் ஐந்து குச்சியையும் பார்த்து, யாரும் கேட்காமலே, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தாள். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று இரண்டு தலைமுறையாக நாம் வாய்ப்பாடாக ஒப்பித்துவந்த சூத்திரத்தின் அர்த்தம் அந்த ரப்பர் பேண்டு கழன்ற சப்தத்தில் இருந்தது.

இத்தகைய காட்சிகள் மனத்துக்கு இதமாக இருக்கின்றன என்பதற்காகத் திட்டம் பலித்துவிட்டது என்று சொல்லிவிடலாகாது. நல்லவேளையாக, இதைக் கிரமமாக அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள், தமிழகத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே சோதித்தார்கள். தொற்றுக்கு முன்பு 2019இல் அதே கிராமங்களில் சோதித்த கணக்குக் கையில் இருந்தமையால், ஒப்பிட்டுப் பார்ப்பது சாத்தியமாயிற்று. 2021 டிசம்பரில் குழந்தைகள் 2019இல் அதே வயதில் இருந்த குழந்தைகளைக் காட்டிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் நேர்ந்த இழப்பைவிடக் கணக்கில் நேர்ந்த இழப்பு ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அப்படி ஈடானதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளே இம்மையங்களுக்கு அதிகமாக வந்தார்கள் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. கட்டணம் வாங்கும் டியூஷன் ஏற்றத்தாழ்வை வளர்க்கும்; ஈர்க்குச்சி டப்பாவோ அதைச் சற்றுக் குறைத்தது.

இதன் அருமையை உணரவேண்டுமானால், தோற்ற முயற்சி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2005, 2006ஆம் வருஷங்களில் உத்தரப் பிரதேசத்து ஜோன்பூர் மாவட்டத்தில், ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தார், கிராமத்து இளைஞர்களுக்குச் சில தினங்கள் பயிற்சி அளித்து, பள்ளி நேரத்துக்கு வெளியே குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளை நடத்தச் செய்தார்கள். பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் தம் சகாக்களுடன் அதை ஆராய்ந்தார்கள். வகுப்புக்கு வந்த குழந்தைகள் வாசிப்பில் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அந்தக் கிராமங்களில் வகுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுக் குழந்தைகள்தான். வாசிக்கத் தெரியாமல் அதிகம் தவித்தவர்களிலும் பெரும்பாலோர் வரவில்லை. மருந்து நல்ல மருந்துதான். நோயாளி வைத்தியசாலைக்கு வரவில்லை. கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பது ஒரு காரியம். குழந்தை இருக்கும் தெருவுக்குப் போய், அதன் வீட்டாருக்குப் பழக்கமான முகத்தைக் கொண்டு அழைப்பது வேறு காரியம். ‘தேடி’ என்ற சொல்லைத் திட்டத்தின் பெயரில் வைத்தவர் யாராயினும், அறிந்தோ அறியாமலோ, விஷயத்தின் உயிர்நிலையை அவர் தொட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

தேடிப் போவது என்பது வீட்டைத் தேடிப் போவதோடு முடிந்துவிடுவதில்லை. குழந்தை எந்தப் படியில் நின்றுவிட்டது என்று தேடிப் போவதும் உண்டு. நான்காம் வகுப்புச் சிறுமிக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தலில் தடை என்றால், அந்தத் தடையண்டை இறங்கிவந்து உட்காரவேண்டும். பள்ளி ஆசிரியருக்குப் பாடத்திட்டம் என்னும் சவுக்கு பின்னால் இருக்கிறது; அவர் இறங்கிவர நினைத்தாலும் காலம் விடுவதில்லை. மாலை மையத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை என்பதே அதன் பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியத்தை உணராமல், பகலில் நடத்திய பாடத்தையே மாலையிலும் நடத்தி, அதே நோட்டில் அதே வினாவுக்கு அதே விடையை எழுதச் சொல்லும் மையம், குழந்தையின் ஒரு நாளை இரண்டு பள்ளிக்கூட நாளாக்குகிறதே அன்றி வேறொன்றும் செய்வதில்லை.

அமெரிக்க தேசத்து அனுபவமும் இதையே காட்டுகிறது. இருபத்தோராம் நூற்றாண்டுச் சமுதாயக் கற்றல் மையங்கள் என்ற பெயரில் அங்கே மத்திய அரசாங்கம் மாலை மையங்களுக்கு ஏராளமான பொருளை அளித்துவந்திருக்கிறது. 2003இல் வெளிவந்த முதல் மதிப்பீடு, படிப்பில் அவற்றால் விளைந்த முன்னேற்றம் மிக அற்பம் என்று கூறியதும் பெரிய விவாதம் மூண்டது. நாலு ஆண்டு கழித்து, ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள், பல திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒருங்கே திரட்டிப் பரிசீலித்தபோது, விஷயம் சற்றுத் தெளிவாயிற்று. மையங்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பயிற்சி படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, குழந்தை கேட்டுக்கொண்டிராமல் தானே செய்துபார்த்து, அதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்கப்பட்டு, இன்னதைக் கற்கிறோம் என்பது குழந்தைக்கும் விளங்கியிருந்த மையங்களில் நற்பலன் தெரிந்தது. இந்த நான்கு லக்ஷணங்களும் அமையாத மையங்களில் குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் இல்லை. தீக்குச்சி விளையாட்டையும் ஈர்க்குச்சிக் கட்டையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் அவை மாற்றுக் குறையாமல் தேறும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆட்சேபங்களும் உண்டு; அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிய காலத்திலேயே ஆசிரியர் அமைப்புகள் சிலவும் அரசியல் கட்சிகள் சிலவும் சந்தேகங்களை எழுப்பின. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலரை உட்காரவைப்பதற்கு இது முன்னோடியாகிவிடுமோ என்பது ஒன்று. குழந்தைகளின் மனத்தில் வேண்டாத கருத்துகளைப் புகுத்துவோர் தன்னார்வலர் என்ற போர்வையில் நுழைந்துவிடக் கூடும் என்பது மற்றொன்று. முதல் சந்தேகம் என்றைக்கும் விழித்திருக்கவேண்டிய சந்தேகம். அக்கா ஆசிரியருக்குத் துணையே ஒழியப் பதில் ஆகமாட்டாள்; பள்ளியில் காலியிடத்தை நிரப்பாமல் திண்ணையைக் காட்டி அரசாங்கம் தப்பித்துக்கொள்ளுமானால், திண்ணையும் கெடும், பள்ளியும் கெடும். மேலும், மாதம் ஆயிரம் ரூபாய் என்பது சேவை மனப்பான்மைக்குக் கொடுக்கும் மரியாதையாக இருக்கலாம். உழைப்புக்குக் கொடுக்கும் கூலி ஆகாது. அவசரம் தணிந்த பிறகு மையங்களின் எண்ணிக்கை குறைந்துபோயிற்று. திண்ணைகளில் பழகிய அந்த ஆயிரமாயிரம் இளம் பெண்களின் அனுபவத்தை என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

இன்னோர் ஆட்சேபம் எளியது, பசி. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்ட குழந்தை ஐந்து மணிக்குக் கணக்குப் போடவேண்டும் என்றால், அதன் வயிறுதான் முதலில் கழித்தல் கணக்குப் போடும். சாப்பாடு போட்டால்தான் குழந்தை பள்ளிக்கு வரும் என்பதைக் காமராஜர் காலத்திலேயே கண்டுகொண்ட மாநிலம் இது. 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலமும் இதுவே. மாலை மையம் நடத்துவோர் யாராயினும், ஒரு கைப்பிடிச் சுண்டலை முதற்பாடமாக வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி, பணம் கொடுத்துத் தம் குழந்தையை மாலை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. கட்டடத்தின் அழகையும் சுவரில் மாட்டிய சான்றிதழ்களையும் பாராமல், முதல் நாள் ஓர் ஓரமாக அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, அல்லது “ஏய், நீல சட்டை” என்று அழைக்கிறாரா என்று கவனியுங்கள். தப்பாகச் செய்த குழந்தையிடம் எப்படிச் செய்தாய் என்று கேட்கிறாரா, அல்லது விடையைத் தாமே எழுதிவிட்டு அடுத்த குழந்தைக்கு நகர்கிறாரா என்று பாருங்கள். வகுப்பு முடிந்து வந்த குழந்தையிடம் “இன்று என்ன மார்க்?” என்று கேட்காமல் “இன்று என்ன செய்தாய்?” என்று கேளுங்கள், பதில் சொல்லத் தொடங்கிய குழந்தை வீடு வந்து சேரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருமானால், கொடுத்த கட்டணம் வீண்போகவில்லை. வாரத்தில் ஐந்து நாளும் ஐந்து கலை வேண்டியதில்லை. குழந்தையின் நாட்டம் எதில் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒன்றில் ஓராண்டு நிலைத்திருக்க விட்டால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வித வகுப்பும் இல்லாத ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் மிச்சம் பிடித்து வையுங்கள். தெருவில் பச்சைக்குதிரை தாண்டுவதும், மாடிப்படியில் உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்ப்பதும், ஒன்றும் செய்யாமல் சலித்துப்போய் அந்தச் சலிப்பிலிருந்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடிப்பதும் எந்த நிபுணராலும் சொல்லிக்கொடுக்க முடியாத வித்தைகள்.

அன்று அந்தத் திண்ணையில் ஏழு மணி ஆயிற்று. தெருவிளக்கு எரிந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராகச் சிலேட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்கள். அக்கா சாணத் தரையில் சிதறிய குச்சிகளைப் பொறுக்கிக் கட்டத் தொடங்கினாள். கழித்தல் போட்ட சிறுமி மாத்திரம் போகாமல், தூணைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“என்னடி?”

“ஒரு கட்டு எடுத்துட்டுப் போகட்டுமா அக்கா? எங்க ஆயாவுக்குக் காட்டணும்.”

அக்கா ஒரு கட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். “நாளைக்குக் கொண்டாந்துடணும். பத்தும் இருக்கணும்.”

சிறுமி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டாள். தெருமுனை திரும்பும்வரை, அவள் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி எண்ணிக்கொண்டு போனது கேட்டது.